மூன்று மூலைத் தானியம்

பொந்திவி மாவாலையில் எடைமேடை என் பொறுப்பு.
லாரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
நின்றதை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி எண்கள்தான்.

இங்கே அதற்குக் கருங்கோதுமை என்று பெயர்.
கருப்பு என்பது சரி. கோதுமை இல்லை,
புல்லினமே இல்லை,
சுக்காங்கீரைக்கு ஒன்றுவிட்ட தம்பி.
இலை சிறு வெற்றிலை;
தண்டு, அதை மென்ற வாய்.
மணிக்கு மூன்று மூலை,
கைப்பிடிக்குள் இறுக்கினால் குத்தும்.
வெள்ளைப் பூ காலையில் மட்டும் தேன் சுரக்கும்.
பிற்பகல் வெறுங்கையோடு திரும்பும் தேனீ
யாரையாவது கொட்டிவிட்டுப் போகும்.
இரண்டு முறை அந்த யாராவது நான்.

ஒரே செடியில்
உச்சியில் பூ, இடையில் பச்சை மணி, அடியில் கருமணி.
என்று அறுத்தாலும் ஏதோ ஒன்றுக்கு அது தப்பான நாள்.

ரென் நகரில் எட்டு நாற்காலி போட்டு
சோபா நூடுல்ஸ் விற்கும் சிஸுரு
செப்டம்பரில் வரப்போரம் வந்து நின்றார்.
"பச்சை இருக்கும்போதே அறுங்கள்.
ஆண்டின் முதல் மாவு வாசத்துக்கு
எங்கள் ஊரில் கடை வாசலில் பலகை மாட்டுவோம்."
கூல்வென் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
"பச்சைக்கு ஈரம் என்று எடையில் கழிப்பார்கள்.
கழிப்பவன் இதோ நிற்கிறான்."
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் தேனீயைப் பார்த்தேன்.

கடைசியில் நாற்பது அடி மட்டும்
அவருக்காகத் தனியே அறுத்தார், முணுமுணுத்தபடி.
மிச்சம் கறுக்கட்டும் என்று விட்டார்.
பத்தாம் நாள் கடலிலிருந்து காற்று வந்து
கறுத்த மணிகளில் பாதியை
அவருக்கு முன்பே மண்ணில் கொட்டியது.
வந்த வண்டியின் எண் சீக்கிரமே நின்றுவிட்டது.
அவர் சீட்டை மடித்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று.
ஆலைச் சாப்பாட்டறையில் சிஸுரு அடுப்பு மூட்டினார்.
அவர்கள் நாட்டில் அந்த இரவுக்கு இதுதான் உணவாம்.
நீளம் என்பதால் ஆயுளுக்கு என்பார்களாம் சிலர்;
சட்டென்று அறுந்துவிடும் என்பதால்
ஆண்டின் கெட்டதை அறுத்துவிட என்பார்களாம் சிலர்.
வழக்கமாக எட்டுப் பங்குக்கு
இரண்டு பங்கு கோதுமை சேர்ப்பவர்
அன்று சேர்க்கவில்லை.
நாற்பதடி மாவு. தண்ணீர். அவ்வளவே.

கூல்வென் முள்கரண்டியால் தூக்கினார். அறுந்தது.
மறுபடி தூக்கினார். அறுந்தது.
"எங்கள் கல்லில் ஊற்றியிருந்தால்
வெண்ணெயும் முட்டையும் தாங்கிக்கொண்டு
ஒரு துண்டாக இருந்திருக்கும்."
"உறிஞ்சுங்கள்," என்றார் சிஸுரு.
"சத்தம் வருமே."
"வரட்டும்."
வாளியில் வாய் வைத்த கன்றுபோல
ஒரு சத்தம் வந்தது.
பிறகு அவர் கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை.
"வடக்கு மூலை," என்றார்.
நாற்பதடியும் அங்கேதான் இருந்தது.

வேகவைத்த தண்ணீரை, கலங்கிய வெள்ளையை,
மீந்த குழம்பில் ஊற்றிக் கொடுத்தார் சிஸுரு.
அதற்கு மட்டும் என்னிடம் ஒரு சொல் இருந்தது.
பிரெஞ்சில் இல்லை. சொல்லாமல் குடித்தேன்.

ஜூனில், விதைப்புக்கு முந்தின நாள்,
வண்டி இல்லாமல் வந்த கூல்வென்
தானே எடைமேடையில் ஏறி நின்றார்.
தொண்ணூற்று மூன்று கிலோ.
"செப்டம்பரில் எந்த நாள் என்று
அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்."
"நீங்களே கேளுங்களேன்."
"எண் இருக்கிறதா?"
இருந்தது. பத்து இலக்கம்.
ஒன்றுகூட நடுங்காமல் பிரெஞ்சில் சொன்னேன்.
டிராக்டர் கதவில் எழுதிக்கொள்ளப் போகிறேன் என்று
எங்கள் மேஜையிலிருந்த சாக்கட்டியை எடுத்துப்போனார்.

மாலையில் மழை.